ஒன்பதாம் நம்பர்க் காட்டுத் தண்ணீர்

ஜெராமிலிருந்து கடலோரமாக மூன்று மைல் தள்ளி ஒரு தோட்டம் இருக்கிறது. பலகையில் ஆங்கிலப் பெயர். எல்லோரும் சொல்வது கதவடித் தோட்டம். கடல்நீர் உள்ளே வராமல் தடுக்க, அங்கே பெரிய கால்வாயின் முகத்தில் ஒரு மரக்கதவு உண்டு. கடல் ஏறும்போது அடைப்பார்கள், இறங்கியதும் திறப்பார்கள்.

1985-ஆம் ஆண்டு, சனிக்கிழமை காலைகளில், அந்தக் கதவிலிருந்து ஒன்பதாம் நம்பர்க் காடு என்ற தோட்டப் பகுதி வரை ஒரு பெண்மணி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்தார். தோளில் ஒரு பை, பைக்குள் பிளாஸ்டிக் புட்டிகள். வயது நாற்பத்து நான்கு. பாறையிலும் மண்ணிலும் நீரிலும் என்னென்ன வேதிப்பொருள் கலந்திருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று ஆராய்வது அவர் தொழில். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர். பெயர் மங்கையற்கரசி விசுவலிங்கம்.

"நாம சேத்துல நடந்தா கூலி. அந்தம்மா நடந்தா ஆராய்ச்சி லா" என்பார்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். அவர் காதிலும் அது விழுந்திருக்கிறது. "சரியாத்தான் சொல்லுறாங்க" என்றார்.

அவர் தேடியது ஒரே ஒரு கேள்விக்கு விடை. 1963-இல் அந்தக் காட்டில் எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் கன்றுகள் ஏன் செத்தன? அதைச் சந்தேகமில்லாமல் நிரூபித்துவிட்டால், இருபது ஆண்டுகளாக வராத அவருடைய அப்பா வருவார்.

அப்பா விசுவலிங்கம் அந்தத் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியிலிருந்து இருபது வயதில் வந்தவர். கதவு அடைத்த நேரத்தையும் திறந்த நேரத்தையும் புத்தகத்தில் எழுதுவது அவர் பொறுப்பு. கதவைப் பார்த்துக்கொண்டவர் வீரன் என்ற தொழிலாளி. ஓர் அமாவாசையன்று கடல் வழக்கத்தைவிட உயரமாக ஏறியது. "அடைச்சிட்டேங்க" என்று வீரன் வந்து சொன்னார். கிராணி போய்ப் பார்க்கவில்லை. "அடைக்கப்பட்டது" என்று எழுதினார்.

இரண்டு மாதத்தில் ஒன்பதாம் நம்பர்க் காட்டில் கன்றுகள் மஞ்சளாகின. நான்காம் மாதம் காடே பட்டுப்போனது. உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது, கதவு அடைக்கப்படவில்லை, கிராணி பொய் எழுதியிருக்கிறார் என்றார் தோட்டத்தை நடத்திய துரை. விசுவலிங்கம் வாதாடவில்லை. வேலையை விட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு 1964-இல் ஊருக்கே கப்பல் ஏறினார். பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டை முடித்திருந்த மகள் மட்டும் இங்கே தங்கினார்.

அதன் பிறகு மகள்தான் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா இறந்தபோதும் போனார். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று கேட்பார்: "ஒருக்கா வந்துபோங்களன் அப்பா."

"என்ன முகத்தோட பிள்ளை?" என்பார் அவர். "கதவு அடைச்சதோ இல்லையோ எனக்கே தெரியாது. பார்க்காமல் எழுதினனான்."

வீரனைக் கேட்கலாம் என்றால் அவர் 1966-இலேயே காய்ச்சலில் போய்விட்டார்.

மகள் இங்கிலாந்தில் முனைவர் பட்டம் வாங்கி, 1970-இல் விரிவுரையாளராகத் திரும்பினார். முதல் பத்தாண்டு முழுக்க உலு யாம் பக்கத்து மலைகளிலேயே கழிந்தது. மழையில் கருங்கல் எப்படிக் கரைகிறது, ஈயம் எங்கே போய்ச் சேருகிறது என்று பதினோரு கட்டுரைகள். நல்ல பெயர். வீட்டிலிருந்து கதவடி ஒன்றரை மணி நேரப் பயணம்தான். அந்தப் பக்கம் அவர் காரைத் திருப்பவே இல்லை. கேட்டால் மறைக்காமல் சொல்வார்: "போய்ப் பார்த்து, விடை அப்பாவுக்கு எதிரா வந்திட்டால் என்ன செய்யிறது?"

அவரைத் திருப்பியவர்கள் மாணவர்கள். 1981-இல் ஒரு வகுப்பைக் கூட்டிக்கொண்டு ஜெராம் கடற்கரைக்குப் போனார். திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி, ஒரு மாணவி விளையாட்டாக ஒரு கால்வாயில் அமிலம் பார்க்கும் காகிதத்தை நனைத்தாள். காகிதம் ஆரஞ்சுச் சிவப்பாகிவிட்டது. கடல்நீர் கலந்திருந்தால் பச்சையோ நீலமோ ஆகியிருக்கும். அந்தத் தண்ணீர் எலுமிச்சைச் சாற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. எந்தக் கால்வாய் என்று நிமிர்ந்து பார்த்தார். கதவடித் தோட்டத்தின் வேலி தெரிந்தது.

அந்தக் கடற்கரை மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. பழைய அலையாத்திக் காட்டுச் சேறு அது. அதில் இரும்பும் கந்தகமும் ஒட்டிக் கிடக்கின்றன. தண்ணீருக்கடியில் இருக்கும்வரை தொல்லை இல்லை. ஆழமாகக் கால்வாய் வெட்டி வடியவிட்டால் உள்ளே காற்று போகும், கந்தகம் கந்தக அமிலமாகும், வேர் வெந்துபோகும். 1962-இல் செம்பனை நடுவதற்காக ஒன்பதாம் நம்பர்க் காட்டில் கால்வாயை எட்டடிக்கு வெட்டச் சொன்னவர் துரை.

கன்றைக் கொன்றது கடலா, அமிலமா? கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கடல்நீரில் சல்பேட் ஒரு பங்கு என்றால் குளோரைடு ஏழு பங்கு. எந்தக் கடலிலும் இந்தக் கணக்குத்தான். குளோரைடு அவ்வளவு இல்லாமல் சல்பேட் மட்டும் கூடியிருந்தால், அது கடல் கொண்டுவந்தது அல்ல, மண்ணே கக்கியது. இருபது ஆண்டு கழித்தும் கக்குகிற மண், வெட்டிய புதிதில் எவ்வளவு கக்கியிருக்கும்?

ஒரு தடவை எடுத்த தண்ணீர் போதாது. மழையிலும் வெயிலிலும், வாரம் தவறாமல், ஆண்டுக்கணக்கில் வேண்டும். வகுப்புகளை விட்டுவிட்டு வாரா வாரம் வர முடியாது என்று அப்போது நினைத்தார். ஆகவே தோட்டத்திலேயே ஒருவரைப் பிடித்தார். நல்லம்மாள், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்ப்பவர். ஒரே வயது, ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். ஆனாலும் ஒருவர் "நீ" என்பார், மற்றவர் "நீங்க" என்பார். கிராணி வீட்டுக்கும் லயத்துக்கும் நடுவில் சின்ன வயதில் போட்ட கோடு அது, யாரும் அழிக்கவில்லை.

மூன்று ஆண்டு நல்லம்மாள் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருக்கிறார். மகள் கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் போகும் முன் மொண்டுவிட்டுப் போயிருக்கிறார். மாதம் ஒரு தடவை மங்கையற்கரசி காரில் வந்து புட்டிகளை எடுத்துக்கொண்டு போவார். ஆய்வகத்தில் வந்த எண்கள் அவர் நினைத்ததற்கும் மேல். ஒன்பதாம் நம்பர்க் காட்டில் சல்பேட், குளோரைடைவிட இரண்டு மடங்கு. கடல் அங்கே வந்ததற்கு அடையாளமே இல்லை.

1984 ஏப்ரலில் கட்டுரை அச்சானது. பேராசிரியர் பதவிக்கு அவர் பெயரும் போயிற்று. அவர் முதலில் செய்த வேலை, கட்டுரையைத் தமிழில் எட்டுப் பக்கத்துக்கு விளக்கி எழுதிச் சாவகச்சேரிக்கு அனுப்பியது. கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் கன்று செத்துத்தான் இருக்கும் என்று கடைசி வரியில் அடிக்கோடு போட்டிருந்தார்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து தபால் வருவதே பெரிய காரியம். பத்து வாரம் கழித்துப் பதில் வந்தது.

"அன்புள்ள மகள் மங்கைக்கு. நலம். மூன்று தரம் வாசித்தேன். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை விமானத்தில் வருகிறேன். உன் வீட்டில் ஒரு மாதம் தங்கலாம். கதவடிக்கு ஒரு நாள் போவோம்."

ஒரு மாதம் என்பதை ஆறு மாதமாக்கி, பிறகு அப்படியே இருக்கச் செய்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். அங்கே நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. பின்னறையை வெள்ளையடித்தார். சாய்வு நாற்காலி வாங்கினார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பதித்தார்.

டிசம்பரில், வழக்கமாக வரும் நாளுக்கு ஒரு நாள் முன்னால், வேறு வேலையாகக் கோலசிலாங்கூர் வந்தவர் கதவடிக்கும் போனார். நல்லம்மாள் ஆயாக் கொட்டகையின் பின்புறம் ஒரு பலகையில் புட்டிகளை வரிசையாக வைத்து உட்கார்ந்திருந்தார். கையில் நூலில் கட்டிய ஒரு வெள்ளைக் கட்டி. அதை ஒரு புட்டிக்குள் விட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன நல்லம்மா அது?"

"படிகாரங்க. இந்த வாரம் மழை. ஒன்பதாம் நம்பர்த் தண்ணி ஒரே துரு. செம்மண்ணக் கரைச்ச மாதிரி."

"அதுக்கு?"

"தெளிய வைக்கிறேன். தொட்டித் தண்ணிக்குப் போடறதுதானே."

மங்கையற்கரசி பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். "எத்தனை நாளா இப்படி?"

"மொதல்லருந்தே. கலங்கினதுக்குத்தான் போடுவேன். தெளிஞ்சதுக்குப் போட மாட்டேன்." நல்லம்மாள் முகத்தில் பெருமை இருந்தது. "யூனிவர்சிட்டியில பெரிய பெரிய ஆளுங்க பாப்பாங்க. நம்ம தோட்டத்துத் தண்ணி சாக்கடை மாதிரி போனா நல்லாவா இருக்கும்? உங்களுக்கும் பேர் கெடும்ல."

படிகாரம் என்பது சல்பேட். அலுமினியமும் பொட்டாசியமும் சேர்ந்த சல்பேட். எந்தப் பொருளை அளந்து அப்பாவைக் குற்றமற்றவர் என்று சொன்னாரோ, அதே பொருளை மூன்று ஆண்டாக வாரா வாரம் நல்லம்மாள் புட்டிக்குள் கரைத்திருக்கிறார், மரியாதைக்காக. ஒன்பதாம் நம்பர்த் தண்ணீர்தான் அதிகம் கலங்கும். அதற்குத்தான் அதிகம் விழுந்திருக்கிறது.

"தப்புங்களா?" என்று கேட்டார் நல்லம்மாள்.

"நான்தான் சொல்லியிருக்கணும். எப்படி இருக்குதோ அப்படியே குடுன்னு. சொல்லலை."

அன்று அவர் திரும்பி வந்து, பழைய எண்களை எடுத்துப் பார்த்தார். பொட்டாசியமும் கூடவே ஏறியிருந்தது, கண்ணுக்கு முன்னாலேயே. உரத்திலிருந்து வந்தது என்று கட்டுரையில் அவரே ஒரு வரி எழுதி முடித்திருந்தார்.

ஆய்வகப் பொறுப்பாளர் தேவதாஸ் பதினைந்து ஆண்டுப் பழக்கம். அவரிடம் மட்டும் சொன்னார்.

"யாருக்குத் தெரியும் இது?" என்று கேட்டார் தேவதாஸ்.

"எனக்கும் நல்லம்மாவுக்கும். இப்ப உங்களுக்கு."

"நான் செவிடு. அந்தம்மா பேப்பர் படிக்கிறது இல்ல. மார்ச் வரைக்கும் சும்மா இருங்க டாக்டர். அப்பா வந்து இறங்கட்டும். அப்புறம் மெதுவா ஜர்னலுக்கு எழுதுங்க. அங்க இருக்கிற நிலைமையில ஒரு வயசானவர வெளிய கொண்டுவரதுக்கு ஒரு காரணம் கெடைச்சிருக்கு. அதையும் நீங்களே கெடுக்கணுமா?"

"அவர் வந்து இரண்டாம் நாள் என் நோட்டுப் புத்தகத்தைக் கேப்பார் தேவதாஸ்."

"காணோம்னு சொல்லுங்க."

"கிராணியிட்டயா?"

பத்து நாள் அவர் எழுதவில்லை. வெள்ளையடித்த அறையைத் திறந்து பார்ப்பார், சாத்துவார். ஜனவரி முதல் வாரம் இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆய்விதழுக்கு. இன்னொன்று அப்பாவுக்கு. நடந்ததை எல்லாம் எழுதிவிட்டு, "ஆனாலும் வாருங்கள்" என்று முடித்தார். பேராசிரியர் பதவிக்கான கோப்பு அந்த மாதமே ஓரமாக வைக்கப்பட்டது. அதைப் பற்றி அவர் பேசுவதே இல்லை.

அடுத்த சனிக்கிழமை முதல் அவரே தண்ணீர் மொள்ள வந்தார். நல்லம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது. கொட்டகை வாசலில் நின்று பார்த்தாரே தவிர, கிட்டே வரவில்லை. மூன்றாம் வாரம் பொறுக்க முடியாமல் வந்தார்.

"நீங்க நிக்கிற எடம் சரியில்ல. ரெண்டடி தள்ளி நில்லுங்க, அங்க பலகை இருக்கு. இங்க நின்னா போயிருவீங்க உள்ள."

"நீ வந்து காட்டு."

"நான் எதுக்கு? அப்புறம் நான் எதையாச்சும் போட்டுட்டேம்பீங்க."

"நான் சொன்னேனா அப்படி?"

"சொல்லல. வந்து மொள்ளுறீங்களே, அது என்னா?" சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, பலகை எங்கே என்று காலால் தட்டிக் காட்டினார். பிறகு வாரா வாரம் கூடவே நடந்தார். புட்டியை மட்டும் தொடவில்லை.

அப்பாவுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. தந்தி அடித்தார், பதில் இல்லை. சேராமலிருந்தால் அவர் மார்ச் ஒன்பதாம் தேதி வருவார். சேர்ந்திருந்தாலும் ஒருவேளை வரலாம். ஆகவே அன்று காலை ஒன்பது மணிக்கே சுபாங் விமான நிலையத்துக்குப் போய் நின்றார். கொழும்பு விமானம் வந்தது. ஆட்கள் வந்தார்கள், தள்ளுவண்டிகள் வந்தன, அணைத்துக்கொண்டார்கள், அழுதார்கள், போனார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் உயரமான, வேட்டி கட்டிய, மெலிந்த ஒருவரைத் தேடினார். கடைசியாக விமானப் பணிப்பெண்கள் வெளியே வந்தார்கள். தவறவிட்டு அடுத்ததில் வரக்கூடும் என்று மாலைவரை நின்றார். சிங்கப்பூர் வழியாக வரக்கூடும் என்று மறுநாளும் போய் நின்றார்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. பிப்ரவரியில் எழுதியது.

"அன்புள்ள மகள் மங்கைக்கு. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் ஒருவன் சொன்னதைக் கேட்டு எழுதினேன். நீ ஒருத்தி தந்ததை வாங்கி எழுதினாய். இது நமக்குக் குடும்ப வியாதி போலிருக்கிறது. சரியான கணக்கு வந்ததும் அனுப்பு. இந்த முறை நீயே மொண்டு எடு. அந்தப் பெண்ணைக் கோபிக்காதே."

கடைசி வாக்கியத்தை அவர் நல்லம்மாளுக்கு வாசித்துக் காட்டினார். "கிராணி ஐயா எப்பவும் அப்படித்தான்" என்றார் நல்லம்மாள். அடுத்த வாரத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டார்.

அந்த ஆண்டின் எண்கள் பழைய எண்களைப்போல் பளிச்சென்று இல்லை. சல்பேட் ஒன்றுக்குக் குளோரைடு இரண்டு. கடல் கொஞ்சம் வந்திருக்கிறது. ஆனாலும் கடல்கணக்கான ஏழு எங்கே, இரண்டு எங்கே. மிச்சச் சல்பேட் முழுவதும் மண் கக்கியதுதான். மண்ணையும் ஆறடி தோண்டிப் பார்த்தார். இரும்பும் கந்தகமும் அடியில் இன்னும் கிடந்தன. கன்றைக் கொன்றது அமிலம். கதவு அன்று திறந்திருந்ததா என்பதை மட்டும் எந்தத் தண்ணீரும் சொல்லாது. அதையும் அப்படியே எழுதினார்.

1986 ஜனவரியில் முழு அட்டவணையையும் சாவகச்சேரிக்கு அனுப்பினார். வாரம் ஒரு வரி. தபால் மேல் நம்பிக்கை இல்லாமல் பிப்ரவரியில் ஒரு படி, கொழும்புக்குப் போன ஒருவர் கையில் இன்னொரு படி. ஜூனில் பதில் வந்தது. உறையைப் பிரித்துப் பார்த்தால் முக்கால் பக்கம். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு சொல் இல்லை.

"அட்டவணை கிடைத்தது. கூட்டல் எல்லாம் சரிபார்த்தேன். பிழை இல்லை. மார்ச் மாதம் இரண்டாவது வாரத்துக்கு எதிரில் காலியாக இருக்கிறது. காரணம் எழுதப்படவில்லை. ஏன்?"

அது சுபாங்கில் நின்ற வாரம்.

நான்கு தடவை பதில் எழுதிக் கிழித்தார். உடம்பு சரியில்லை என்று ஒன்று. கார் பழுது என்று ஒன்று. மழை என்று எழுதியது இரண்டு சொல்லிலேயே நின்றது. மழைக் கணக்கும் அதே அட்டவணையில் இருந்தது. கடைசியில் அப்பா புத்தகம் எழுதும் முறையிலேயே எழுதினார்.

"மார்ச் 9, சனி. சுபாங் விமான நிலையம். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. மார்ச் 10, ஞாயிறு. அதே இடம். காலை பத்து முதல் நாலரை வரை. தண்ணீர் எடுக்கப்படவில்லை."

அதோடு கையெழுத்துப் போட்டு ஒட்டினார்.

அக்டோபரில் பதில் வந்தது. எழுத்து கோணிப் போயிருந்தது.

"காரணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நான் வருகிறேன். பாஸ்போர்ட் இருக்கிறது. கொழும்புக்கு ரயில் சில நாள் ஓடுகிறது, சில நாள் இல்லை. ஓடும் நாளில் ஏறிவிடுவேன். தேதி சொல்ல முடியாது. அங்கே விமானம் சனிக்கிழமைதானே?"

இப்போது 1987 முடியப் போகிறது. திருத்திய கட்டுரை அச்சாகிவிட்டது. ஓரமாகக் கிடந்த கோப்பை யாரோ மறுபடி எடுத்து, சென்ற ஆகஸ்டில் அவரைப் பேராசிரியராக்கிவிட்டார்கள். துறையில் கேக் வெட்டினார்கள். தேவதாஸ் ஆங்கிலத்தில் பேசினார், நடுவில் தமிழுக்கு மாறி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாவகச்சேரியிலிருந்து அதன் பிறகு கடிதம் ஒன்றும் இல்லை. ரயில் பற்றிய செய்தி பத்திரிகையில் வந்தால் அதை மட்டும் வெட்டி வைக்கிறார்.

கதவடியில் வேலை நிற்கவில்லை. ஒரு புது ஆராய்ச்சி மாணவர், பழைய நோட்டுகளைப் புரட்டிவிட்டு, தண்ணீர் எடுக்கும் நாள் ஏன் எண்பத்தாறு அக்டோபருக்குப் பிறகு சனிக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாறியிருக்கிறது, ஏதாவது அறிவியல் காரணம் உண்டா என்று கேட்டார்.

"இல்லை" என்றார் பேராசிரியர். "சனிக்கிழமையில எனக்கு வேற இடத்தில வேலை இருக்கு."